பழைய அமெரிக்கன் கார் டிசைனை சட்டம் கொன்னுச்சா, கம்பெனிக்காரங்களே கொன்னாங்களா?

கேள்வி கேட்டவர் சொன்னதை முதல்ல சுருக்கி வெச்சுக்கறேன். கருப்பு வெள்ளைப் படத்துல வர்ற படகு காரைப் பாத்தா இப்பவும் கண்ணை எடுக்க முடியல, ஆனா இன்னைக்கு அமெரிக்கா ரோட்டுல ஓடுற காருல லோகோவை மறைச்சுட்டா எது எந்தக் கம்பெனின்னே தெரியல, அரசாங்கம் போட்ட பாதுகாப்பு சட்டமும் புகை சட்டமும்தான் அந்த அழகை அழிச்சுதுன்னு யூடியூப்ல எல்லாரும் சொல்றாங்களே, அது நெசமா? இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கார் எல்லாம் நெசமாவே அவ்ளோ நல்ல டிசைனா, இல்ல பழசுங்கறதால நமக்கு அப்படித் தோணுதாங்கறது ஒண்ணு. சட்டம் வராம இருந்திருந்தா அது தொடர்ந்திருக்குமாங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு என்னோட பதில் அநேகமா தொடர்ந்திருக்காதுன்னுதான், அது ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும் பொறுத்துக்கோங்க.

நான் டிசைனர் இல்ல. மிச்சிகன்ல காரோட வெளித்தகடு அடிக்கிற டை, அதாவது இரும்பு அச்சு, சம்பந்தப்பட்ட வேலை, பல வருஷமா. அதாவது ஸ்டூடியோக்காரங்க களிமண்ணுல இழைச்சுக் குடுக்கறதை ஸ்டீல் தகடுல கொண்டு வர முடியுமா, எங்க கிழியும், எங்க சுருங்கும், எத்தனை அடியில முடியும், எவ்ளோ செலவுன்னு பாக்கற கோஷ்டி. அதனால எது அழகுங்கறதுல என் பேச்சை ஒரு ரசிகன் பேச்சா எடுத்துக்கோங்க. அந்த அழகுக்கு யார் காசு கட்டினாங்க, ஏன் ஒரு கட்டத்துல கட்ட முடியாம போச்சுங்கற விஷயத்துல கொஞ்சம் தைரியமா பேசுவேன்.

ஆரம்பம் 1927. ஃபோர்டு மாடல் டி 1908-ல இருந்து கிட்டத்தட்ட ஒரே உருவத்துல வித்துக்கிட்டு இருந்தாங்க, விலை குறைஞ்சுக்கிட்டே போச்சு, அந்த விலையில ஜெனரல் மோட்டார்ஸால (சுருக்கமா ஜிஎம்) போட்டி போட முடியல. அங்க தலைவரா இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் வேற வழியில போனார். வருஷா வருஷம் கார் பாக்கறதுக்கு மாறணும், போன வருஷம் வாங்கினவனுக்கு தன் கார் பழசாயிடுச்சேன்னு ஒரு உறுத்தல் வரணும். அதுக்காக ஹாலிவுட்ல சினிமாக்காரங்களுக்கு ஸ்பெஷலா பாடி கட்டிக்கிட்டு இருந்த ஹார்லி ஏர்ல்ங்கறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. 1927-ல வந்த லசால்ங்கற கார் அவர் வரைஞ்சது, அதே வருஷம் ஆர்ட் அண்ட் கலர்னு ஒரு தனி டிபார்ட்மென்டே அவருக்காகத் தொடங்கினாங்க. கார் கம்பெனியில டிசைன் ஸ்டூடியோன்னு ஒண்ணு நிலையா உக்காந்தது அங்கதான்னு சொல்லலாம். அதுக்கு முன்னாடி இன்ஜினியர் சேஸின்னு அடிச்சட்டத்தைக் கட்டுவார், மேல ஒரு பெட்டியை வெப்பாங்க, அவ்ளோதான். ஏர்ல் முழு அளவுல களிமண் மாடல் செய்யற பழக்கத்தைக் கொண்டு வந்தார், அது இன்னைக்கும் எங்க ஊர்ல நடக்குது, கம்ப்யூட்டர் எவ்ளோ வந்தாலும் கடைசியில களிமண்ணைத் தடவிப் பாத்துத்தான் சரின்னு சொல்றாங்க.

இந்த வருஷா வருஷம் மாத்தற பழக்கம் அந்த நாட்டையே ஒரு சீசனுக்குப் பழக்கிடுச்சு. செப்டம்பர் அக்டோபர்ல புது மாடல் வரும், டீலர் ஷோரூம் கண்ணாடி மேல பேப்பர் ஒட்டி மறைச்சு வெப்பாங்க, குறிச்ச நாள்ல திறப்பாங்க, ஜனம் கூடும். நம்மூர்ல தீபாவளி ரிலீஸுக்கு தியேட்டர் வாசல்ல நிக்கற மாதிரியே. அந்தக் காரை வாங்கப் போறவன் மட்டும் இல்ல, வாங்கவே வக்கில்லாதவனும் வந்து பாத்துட்டுப் போவான். இதைச் சும்மா ஏக்கத்துல சொல்லல, மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஃபெண்டர் (சக்கரத்தை மூடற தகடு), கிரில் (முன்பக்கத் தட்டி), பின்பக்கம், கூரைன்னு புது டை அடிக்கணும், அதுக்கெல்லாம் காசு கொட்டணும், அந்தக் காசு திரும்பி வரணும்னா கார் லட்சக்கணக்குல விக்கணும். 1965-ல ஜிஎம்மோட செவ்ரொலே இம்பாலா மட்டும் ஒரே வருஷத்துல 10 லட்சத்துக்கு மேல போச்சு. ஒரு கணக்குக்கு வெச்சுக்கோங்க, வெளித்தகடு டை எல்லாத்துக்கும் சேத்து 5 கோடி டாலர் ஆகுதுன்னா, 10 லட்சம் காருக்கு அது காருக்கு 50 டாலர். அதே செலவு 50,000 காருக்குன்னா காருக்கு 1,000 டாலர். இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அழகு எங்க இருந்து வந்துதுன்னா, முதல்ல உருவ அளவு. அந்தக் கார்ல பெரும்பாலானது தனி சேஸி ஃப்ரேம் மேல பாடியை உக்கார வெச்சுக் கட்டினது. பலம் எல்லாம் கீழ ஃப்ரேம்ல இருக்கறதால மேல இருக்கற பாடியை ஸ்டூடியோக்காரங்க இஷ்டத்துக்கு இழுத்து நீட்டி வளைக்கலாம், கூரையைத் தாங்கற தூண் ஒல்லியா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஹார்ட்டாப்னு சொல்வாங்க, முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல தூணே இருக்காது, நாலு கண்ணாடியையும் இறக்கிட்டா பக்கவாட்டு முழுக்கத் திறந்து கிடக்கும். 1949-ல ஜிஎம் இதைப் பெரிய அளவுல விக்க ஆரம்பிச்சது, அஞ்சாறு வருஷத்துல எல்லாரும் பண்ணாங்க. இன்னைக்கு நாம பாக்கற கார் கனமாத் தெரியறதுக்கும் அது மிதக்கற மாதிரி தெரியறதுக்கும் பாதி காரணம் அந்த இல்லாத தூண்தான்னு நெனைக்கறேன்.

ஃபின் சமாச்சாரம், அதாவது காரோட பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி நிக்கற தகடு, எல்லாருக்கும் தெரியும், லாக்ஹீட் பி-38 போர் விமானத்தோட ரெட்டை வாலைப் பாத்துட்டு வந்து ஏர்ல் ஆளுங்க 1948 கேடில்லாக்ல சின்னதா ஒரு வால் வெச்சாங்க. இது வெறும் செவிவழிக் கதை இல்ல, அவங்களே சொன்னது. அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கிரைஸ்லர்ல வர்ஜில் எக்ஸ்னர்னு ஒருத்தர், 1957 மாடலுக்கு மொத்த காரையும் தாழ்வா, ஆப்பு மாதிரி, பின்னாடி உயர்ந்த ஃபினோட வரைஞ்சுட்டார். 1956 ஆகஸ்ட்ல ஜிஎம் டிசைனர் சக் ஜோர்டன் காரை எடுத்துட்டு கிரைஸ்லர் யார்டு பக்கம் போனவர், வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையா நின்ன புது பிளைமவுத்தைப் பாத்து ஆடிப் போயிட்டார். ஏர்ல் அப்ப ஐரோப்பா போயிருந்தார். அவர் இல்லாத நேரத்துல, அடுத்த வாரிசான பில் மிட்செல் தலைமையில, 1959-க்குன்னு தயாரா இருந்த தடிச்ச களிமண் மாடலை எல்லாம் ஓரம் கட்டிட்டுப் புதுசா ஆரம்பிச்சாங்க. அந்தப் பதட்டத்துல பொறந்ததுதான் பதினெட்டே முக்கால் அடி நீளத்துல, துப்பாக்கிக் குண்டு மாதிரி ரெட்டை சிவப்பு லைட்டோட வந்த 59 கேடில்லாக்.

அந்த ஃபின்னைக் கிட்டப் போய் பாத்தா என் மாதிரி ஆளுக்கு வேற ஒண்ணு கண்ணுல படும். அவ்ளோ உயரத்தை ஒரே தகடுல ஒரே இழுப்புல அடிக்க முடியாது, கிழிஞ்சுடும். துண்டு துண்டா அடிச்சு, வெல்ட் பண்ணி, மூட்டு மேல ஈயத்தை உருக்கிப் பூசி, ஆளு நின்னு அரத்தால ராவி வழவழன்னு ஆக்கணும். கூரை பின் ஃபெண்டரோட சேர்ற இடத்துலயும் அப்படித்தான் மூட்டே தெரியாம இருக்கும். இப்ப உங்க வீட்டுக் காரோட கூரையைப் பாருங்க, ரெண்டு ஓரத்துலயும் நீளமா ஒரு கருப்புப் பட்டை ஓடுச்சுன்னா அந்த மூட்டை மறைக்கத்தான். ஈயம் விஷம், அந்த வேலை செஞ்சவங்க முகத்தை மூடிக்கிட்டுத் தனி அறையில நின்னு செய்யணும், அதை விட்டது ரொம்ப நல்ல காரியம். ஆனா கண்ணு வழுக்கிக்கிட்டுப் போற அந்தப் பரப்புக்குப் பின்னாடி இத்தனை கை இருந்துதுங்கறதும் உண்மை.

இப்ப கொஞ்சம் கசப்பான பக்கம். அந்தக் காலத்துக் கார் எல்லாமே அழகுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 1958 ப்யூக் கிரில்ல 160 குரோம் கட்டம் வரிசையா பதிச்சிருப்பாங்க, பாத்தா நகைக்கடை ஷோகேஸ். அதே வருஷம் அமெரிக்காவுல பொருளாதாரம் படுத்துச்சு, ஃபோர்டோட எட்செல் விக்காம போச்சு, ஜனமும் கொஞ்சம் கொஞ்சமா ஃபோக்ஸ்வாகன் பக்கம் பாத்துது. வளைஞ்ச முன் கண்ணாடின்னு 1953, 54-ல வந்துதே, அதோட தூண் கதவுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், ஏறும்போது முட்டியில இடிக்கும், ஓரத்துல பாத்தா ரோடு நெளிஞ்சு தெரியும். 57 கிரைஸ்லர் வண்டிங்க வரைஞ்ச அழகுக்குக் கட்டுமானம் ஈடு குடுக்கல, மழைத்தண்ணி உள்ள வந்துது, சீக்கிரமே துருப்பிடிச்சுது. ஃபின் வெச்சா வண்டி நேரா ஓடும்னு விளம்பரம் வேற பண்ணாங்க, சாதாரண வேகத்துல அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பாதுகாப்பைப் பத்தி சொல்லாம விட்டா தப்பு. இரும்பு டேஷ்போர்டு, மோதினா நெஞ்சைக் குத்தற ஸ்டியரிங் கம்பி, பெல்ட் கிடையாது. 2009-ல இன்சூரன்ஸ் கம்பெனிங்க நடத்தற பாதுகாப்பு ஆய்வகம் ஒரு 1959 செவ்ரொலே பெல் ஏரையும் 2009 செவ்ரொலே மாலிபுவையும் 40 மைல் வேகத்துல நேருக்கு நேர் மோத விட்டாங்க, வீடியோ இருக்கு, பாருங்க. பழசுல அவ்ளோ இரும்பு இருந்தும் ஓட்டுநர் உக்கார்ற இடமே நசுங்கிப் போச்சு, புதுசுல ஓட்டுநருக்குப் பதிலா வெச்ச சோதனை பொம்மை பொழைச்சுக்கிச்சு. 1966-ல அமெரிக்காவுல ரோடு விபத்துல 50,000 பேருக்கு மேல செத்தாங்க, ஓட்டின மைல் கணக்குல பாத்தா இப்ப சாவு விகிதம் அதுல நாலுல ஒரு பங்குதான். பழைய காரை ரசிக்கறவன் இதை மறந்துட்டுப் பேசக் கூடாதுன்னு நெனைக்கறவன் நான்.

என்னைக் கேட்டா உச்சம் ஃபின் காலம் இல்ல, அதுக்கு அடுத்த அஞ்சாறு வருஷம்தான். 1961 லிங்கன் கான்டினென்டல், எல்வுட் எங்கெல் வரைஞ்சது, முந்தின வருஷ வண்டியை விட ஒரு அடிக்கு மேல குறைச்சு, குரோமை வழிச்சு எறிஞ்சுட்டு, ரெண்டே ரெண்டு நேர்கோடுல நிக்கற கார். 1963 ப்யூக் ரிவியேரா, பில் மிட்செல் காலத்துது. அதே வருஷம் கார்வெட் ஸ்டிங் ரே, பின் கண்ணாடியை ரெண்டாப் பிரிச்ச நடு முதுகெலும்போட வந்துது, பின்னாடி ஒண்ணும் தெரியலன்னு அடுத்த வருஷமே அதை எடுத்துட்டாங்க. 1964 ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங், 2,368 டாலருக்கு, ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள 10 லட்சம். இது எதுவும் அதிர்ஷ்டத்துல வந்தது இல்ல, முப்பது வருஷமா வருஷா வருஷம் ஒரு காரை வரைஞ்சு பழகின கை அது.

சரி, சட்டத்துக்கு வர்றேன். 1965-ல கார்ல பாதுகாப்பே இல்லன்னு ரால்ஃப் நேடர்ங்கற வக்கீல் எழுதின புத்தகம் வந்துது, 1966-ல பாதுகாப்பு சட்டம், 1968-ல இருந்து அமலுக்கு வந்த விதிகள், 1970-ல புகை சட்டம், 1973 மாடல்ல இருந்து 5 மைல் வேகத்துல இடிச்சா லைட்டு உடையக் கூடாதுங்கற பம்பர் விதி. பம்பர் விதி அசிங்கம் பண்ணுச்சுங்கறது உண்மைதான், 72 மாடலையும் 74 மாடலையும் பக்கத்துல நிறுத்தினா தெரியும், திண்ணை மாதிரி ஒரு பலகை முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டு இருக்கும். ஆனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, எந்த விதியும் இல்லாதப்ப, 1968 பான்டியாக் ஜிடிஓ-ல பாடி கலர்லயே இடி வாங்கற முன்பக்கம் பண்ணிக் காட்டிட்டாங்க. 1973 கார்வெட்லயும் அந்த மாதிரி மூக்கு ரொம்ப அழகா வந்துது. அதாவது வழி தெரிஞ்சிருந்துது, மத்த காருக்கு அதுக்கான செலவைப் பண்ணல.

இன்னொரு ஆதாரம் ஹெட்லைட். 1940 மாடல்ல இருந்து அமெரிக்காவுல எல்லாக் காருக்கும் ஒரே அளவு வட்ட லைட்டுன்னு விதி, 7 இஞ்ச், பக்கத்துக்கு ஒண்ணு. 1957, 58 வாக்குலதான் பக்கத்துக்கு ரெண்டு சின்ன வட்டம் வெக்க அனுமதி வந்துது. நாம கொண்டாடற பொற்காலம் முழுக்க இந்தக் கெடுபிடிக்குள்ளதான் நடந்துது, ஆனா ஒரு முகமும் இன்னொரு முகம் மாதிரி இல்ல. அந்த விதி தளர்ந்து இஷ்டப்பட்ட வடிவத்துல லைட் வந்தது 1984 லிங்கன்லதான், அந்த நேரத்துலதான் காரெல்லாம் ஒரே மாதிரி ஆயிடுச்சுன்னு எல்லாரும் திட்டினாங்க. சட்டம்தான் காரணம்னு அடிச்சுப் பேசறவங்க இதுக்கு என்ன பதில் சொல்வாங்களோ தெரியல.

கன்வெர்டிபிளை அரசாங்கம் தடை பண்ணுச்சுங்கறது சுத்தப் பொய். வண்டி உருண்டா தாங்கணும்னு ஒரு விதி வரப் போகுதுன்னு பயந்து, விற்பனையும் குறைஞ்சதால, கம்பெனிங்களே நிறுத்தினாங்க. 1976 கேடில்லாக் எல்டொராடோவை இதான் கடைசின்னு சொல்லி வித்தாங்க, ஜனம் வாங்கி ஷெட்டுல பூட்டி வெச்சுது. 1982-ல கிரைஸ்லர் திரும்பக் கொண்டு வந்துது, 84-ல கேடில்லாக்கே கொண்டு வந்ததும் ஏமாத்திட்டீங்கன்னு சில பேர் கோர்ட்டுக்குப் போனாங்க.

அப்ப எது கொன்னுச்சு? மேல போட்ட கணக்குதான். 1960-கள் தொடக்கத்துல அமெரிக்காவுல விக்கற ரெண்டு கார்ல ஒண்ணு ஜிஎம். அந்த அளவு இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு முகம் கட்டுப்படியாச்சு. ஜிஎம்மோட பல பிராண்டும் ஒரே பாகத்தைப் பொதுவா வெச்சுக்கறது அப்பவே இருந்துது, 1959-ல செவ்ரொலேல இருந்து கேடில்லாக் வரை முன் கதவு ப்யூக்கோடதுதான், ஆனா சுத்தி இருக்கற தகடு எல்லாம் வேற வேற, அதனால யாருக்கும் தெரியல. பிறகு வெளிநாட்டுக் கார் வந்து சந்தையைப் பிச்சுக்கிச்சு, 1973 அக்டோபர்ல அரபு நாடுங்க போட்ட எண்ணெய்த் தடை, 1975-ல மைலேஜ் சட்டம், எல்லா வண்டியையும் ஒரே நேரத்துல சின்னதாக்கணும், முன்சக்கர இழுவைக்கு மாத்தணும். ஃப்ரேமும் பாடியும் ஒண்ணாயிடுச்சு, அதுல வெளித்தகடும் பலத்துக்குச் சேத்திதான், முன்ன மாதிரி வருஷா வருஷம் தொட முடியாது. இருந்த காசெல்லாம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போச்சு. மிச்சம் பிடிக்க எங்க கை வெப்பாங்க? தகடுலதான். 1983-ல ஃபார்ச்சூன் பத்திரிகை அட்டையில ஜிஎம்மோட செவ்ரொலே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், ப்யூக் நாலையும் ஒரே கலர்ல வரிசையா நிறுத்திப் போட்டோ போட்டாங்க, எது எதுன்னு சொல்ல முடியல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி செவ்ரொலே கவலியரை அலங்காரம் பண்ணி கேடில்லாக் சிமரான்னு வித்தது இன்னும் மோசம். இதைச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லல, அக்கவுண்ட்ஸ்காரங்க சொன்னது.

சட்டத்துக்குப் பங்கே இல்லன்னும் சொல்ல மாட்டேன். மைலேஜ் சட்டத்துல பிக்கப்புக்கும் பின்னாடி வந்த எஸ்யுவிக்கும் தளர்வு குடுத்தாங்க, வெளிநாட்டு பிக்கப்புக்கு 1964-ல இருந்து 25 சதவீத வரி. லாபம் அந்தப் பக்கம் போச்சு, டிசைனரும் பின்னாடியே போனாங்க, 2018-ல ஃபோர்டு அமெரிக்காவுல மஸ்டாங், ஃபோகஸ் ஆக்டிவ் ரெண்டும் தவிர மத்த காரை எல்லாம் விட்டுடறோம்னே அறிவிச்சுட்டாங்க. இன்னைக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியறதுக்கும் காற்றுச் சுரங்க சோதனை, கூரை பலம், பக்கவாட்டு ஏர்பேக், ஐரோப்பாவுல நடக்கறவனைக் காப்பாத்தற பானெட் உயரம் எல்லாம் காரணம். ஒரே கேள்விக்கு எல்லாரும் கணக்குப் போட்டா விடை கிட்டக்கிட்டதான் வரும்.

இதுல எது எவ்ளோ பங்குன்னு பிரிச்சுச் சொல்றது என் ஊகம்தான், வேற அனுபவம் உள்ளவங்க வேற மாதிரி பிரிப்பாங்க. போருக்கப்புறம் வந்த நம்பிக்கை, ராக்கெட் ஆசை அதெல்லாம்தான் அந்த டிசைன்னு ஒரு விளக்கம் இருக்கே, கேக்க நல்லா இருக்கு, அளந்து பாக்க வழியில்லாததால நான் அதுல அதிகம் சாயறது இல்ல. அதை விட உறுதியான ஒரு எச்சரிக்கை உண்டு. ஆகஸ்ட்ல எங்க ஊர் உட்வர்டு அவென்யூல பழைய கார் ஊர்வலம் நடக்கும், மைல் கணக்குல வண்டி. ரெண்டு கதவு ஹார்ட்டாப், கன்வெர்டிபிள், வி8-ன்னு நிக்கும். அன்னைக்கு ஜனம் பெரும்பாலும் வாங்கினது நாலு கதவு, மங்கின கலர் செடான், அதெல்லாம் துருப்பிடிச்சு காயலான் கடைக்குப் போயாச்சு. தேறினதை மட்டும் வெச்சு நாம ஒரு காலத்தையே எடை போடறோம். படகு கார்னு நம்மூர்ல ஞாபகத்துல நிக்கறதும் அப்படித்தான், பம்பாய்ல பிரீமியர் கம்பெனி டாட்ஜும் பிளைமவுத்தும் பூட்டி வித்தாங்க, அதுல சினிமாவுல வந்ததுதான் நமக்கு ஞாபகம் இருக்கு.

கடைசியா கேட்டிருந்தீங்க, எலெக்ட்ரிக் கார்ல அந்த டிசைன் திரும்ப வருமான்னு. இன்ஜின் இல்லாததால வரையறவனுக்கு இடம் கிடைக்கும்ங்கறது சரி, ஆனா பேட்டரி தரைக்கடியில உக்காந்துக்கறதால காரே நாலஞ்சு இஞ்ச் தூக்கிக்குது, தாழ்வா நீளமா இழுக்கறது கஷ்டம், பெரிய சக்கரத்தைப் போட்டு அந்த உயரத்தை மறைக்கறாங்க. கேடில்லாக் செலஸ்டிக்னு ஒரு எலெக்ட்ரிக் காரைக் கையாலயே கட்டறாங்க, ஏர்ல் காலத்துல திட்டம் போட்டு 1956-ல திறந்த ஜிஎம்மோட அதே வாரன் டெக் சென்டர்ல. நீளம், பரப்பு, பின்பக்கம் எல்லாம் நெசமாவே பழைய கை தெரியுது. விலை 3 லட்சம் டாலருக்கு மேல. 59-ல வௌவால் சிறகு மாதிரி ஃபினோட வந்த இம்பாலாவை ஒரு ஃபேக்டரி தொழிலாளி 3,000 டாலருக்குள்ள வாங்கிட்டுப் போனான்.